பழையபடின்னா எந்தப் பழையபடி?

போன மாசம் எங்க ஊர் மந்தையில கூட்டம் போட்டாங்க. கண்மாய் வேலை நம்ம ஊருக்கும் வரப்போகுது. ஹிட்டாச்சி இறங்கும், கண்மாய்க்குள்ள நிக்கிற கருவேல மரங்களை வேரோட பிடுங்கும், மண்ணை அள்ளிக் கரையில ஏத்தும். எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். இருபது வருசமா கேட்டுக்கிட்டிருந்த வேலை. ஒரு பெரியவர் எழுந்து, "எப்பா, கம்மாயப் பழையபடி ஆக்கிவிட்ருங்கப்பா, அது போதும்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சித்தப்பு மகள், கல்லூரியில் படிக்கிற பிள்ளை, "அண்ணே, நடுக்கம்மாயில நாரை கூடு வைக்கிற மரமும் போயிருமா?" என்று மெதுவாகக் கேட்டது. காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். கருவேல மரங்கள் என்றுதான் இருந்தது. நாட்டுக் கருவேலமா, சீமைக் கருவேலமா என்று இல்லை. பிடுங்க வருகிறவருக்கு இரண்டும் முள்ளுதான்.

கூட்டத்தில் ஒரு மாசம் அவகாசம் கேட்டேன். "எதுக்கு?" என்றார்கள். "பழையபடி ஆக்கணும்னா, எந்தப் பழையபடின்னு முடிவு பண்ண வேண்டாமா?" என்றேன். சிரித்தார்கள். ஆனால் நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததில் இருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

சென்னை, கோயம்புத்தூரில் இருந்து வருகிற நண்பர்கள் கண்மாய்க் கரையில் நின்று, நாரையையும் நீர்க்காகத்தையும் படம் எடுத்துவிட்டு, "இயற்கை என்னமா இருக்கு!" என்பார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. என் வயல் எவ்வளவு இயற்கையோ அவ்வளவுதான் கண்மாயும் இயற்கை. கண்மாய் இல்லாவிட்டால் அந்த இடத்தில் ஒரு சாய்வான செம்மண் பொட்டல் இருக்கும். மழை பெய்தால் தண்ணீர் அரை நாளில் ஓடிப் போயிருக்கும். யாரோ ஒருத்தர், எந்தக் காலத்திலோ, அந்தச் சாய்வைக் கண்ணாலேயே அளந்து, கீழ்ப்பக்கம் வளைவாக ஒரு மண்கரை எழுப்பினார். மேல்பக்கம் திறந்தே இருந்தது. தண்ணீர் வருகிற வழி வரத்துக்கால். வயலுக்குப் போகிற வழி மடை. மிஞ்சினது போகிற வழி மறுகால். எங்கள் மறுகால் தண்ணீர் கீழே இருக்கிற கண்மாய்க்கு வரத்துத் தண்ணீர். அதன் மறுகால் அதற்குக் கீழே உள்ளதற்கு. மாலையில் மணி கோத்தது மாதிரி, கடல் வரைக்கும் இப்படியே போகும்.

சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் இதைத் தவிர வேறு வழி இல்லை. வருசத்து மழையில் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். தை வரைக்கும் அதை வைத்துத்தான் நெல்லைக் கரையேற்ற வேண்டும். தமிழ்நாடு முழுக்க இப்படி சுமார் 39,000 ஏரி, குளம், கண்மாய் இருப்பதாக அரசாங்கக் கணக்கு. அத்தனையும் மனுசன் கை பட்டது.

ஆனால் வெட்டினவன் நெல்லுக்காக வெட்டினான். கூடவே வேறு ஒரு உலகமும் வந்து சேர்ந்துகொண்டது. அது எப்படி வந்தது என்று சொன்னால்தான் பின்னால் எது கெட்டது என்று புரியும். அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கண்மாய் தட்டு மாதிரி இருக்காது. கரையோரம் ஆழம், போகப் போக மேடு. மேல்முனையில் முழங்கால் தண்ணீர், அதற்கும் மேலே கணுக்கால் தண்ணீர். கார்த்திகையில் பெருகி நிற்கும்போது நடுவில் நிற்கும் மரங்களின் அடி தண்ணீருக்குள் இருக்கும். சுற்றிலும் தண்ணீர் நிற்கிற மரம் என்றால் நாரைக்கு அது அகழி வெட்டின கோட்டை. நாயும் பூனையும் கிட்டே வராது. கொக்கு, வக்கா, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன் எல்லாம் அங்கே கூடு கட்டும். அதே நேரத்தில் கீழே வயலில் நெல் தண்ணீர் கேட்கும். நீர்ப்பாய்ச்சி மடையைத் திறப்பார். மார்கழி முழுக்க, தை முழுக்க, தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இறங்க இறங்க மேடான பக்கத்துச் சேறு வெளியே வரும். அந்தச் சேற்று விளிம்பில் நத்தை, புழு, சின்ன மீன். விளிம்பு தினம் நாலடி, ஐந்தடி நகர்ந்துகொண்டே இருக்கும். பறவையும் கூடவே நகரும். கூட்டில் குஞ்சு பெரிசாகி, பசி அதிகமாகிற தை மாசத்தில்தான் மீன் எல்லாம் பள்ளத்தில் ஒதுங்கி, நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். தாய்ப்பறவை ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. இங்கே அறுப்பு முடியும்போது அங்கே குஞ்சு பறக்கும்.

நெல்லுக்குத் திறந்த மடைதான் நாரைக் குஞ்சுக்குப் பந்தி போட்டது. இது யாரும் திட்டம் போட்டுச் செய்தது இல்லை. ரெண்டு கணக்கும் ஒரே மாசத்தில் பொருந்திப் போச்சு, அவ்வளவுதான்.

அப்புறம் பங்குனி, சித்திரையில் மீன்பிடி. ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினதும், ஊத்தாவும் கச்சாவும் தூக்கிக்கொண்டு சுத்துப்பட்டு ஊர்ச் சனமே இறங்கும். கெண்டை, கெளுத்தி, விரால், குரவை. எல்லாத்தையும் பிடித்துவிட முடியாது. விரால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். நத்தை மூடியை இழுத்துச் சாத்திக்கொண்டு மண்ணுக்குள் போய்விடும். அடுத்த ஐப்பசியில் முதல் தண்ணீர் வந்ததும் ரெண்டும் எழுந்து வரும். கீழ்க் கண்மாயில் இருந்து மறுகால் வழியாக எதிரேறியும் மீன் வரும். சின்ன வயசில் மறுகால் பாயும்போது வேட்டியை விரித்துப் பிடித்திருக்கிறோம்.

ஆனியில் கண்மாய் காய்ந்ததும் கரம்பை எடுப்பு. கரம்பை என்றால் அடியில் படிந்த வண்டல். அதில் மட்கின செடி, பறவை எச்சம், நத்தை ஓடு எல்லாம் கலந்திருக்கும். எங்க அய்யா, அதாவது அப்பாவைப் பெத்தவர், ஒரு கோடைக்கு எத்தனை வண்டி கரம்பை அடித்தார் என்பதை வைத்துத்தான் அந்த வருசத்தைச் சொல்லுவார். வயலுக்கு உரம், கண்மாய்க்கு ஆழம். ஒரே வேலை.

இது எங்க ஊருக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியம் இல்லை. செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கல் எல்லாருக்கும் தெரியும். அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நாரைகளைச் சுட்டார்கள் என்று ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் நின்றார்கள். 1798ல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவையை யாரும் சுடக்கூடாது என்று கவுல் எழுதிக் கொடுத்தார். 1858ல் அதைப் புதுப்பித்தும் வாங்கிக்கொண்டார்கள். சரணாலயம் என்று சர்க்கார் அங்கீகரித்தது 1936ல்தான். அதற்கு 138 வருசத்துக்கு முன்பே ஊர்ச் சம்சாரிகள் அதைச் செய்துவிட்டார்கள். பறவை மேல் இருந்த பாசம் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் நன்றாக விளையும் என்பது அவர்களுக்குத் தெரியும். கணக்குத் தெரிந்த பாசம். அந்த மாதிரிப் பாசம்தான் நீடிக்கும்.

பழைய கல்வெட்டுகளிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் பற்றிச் சொல்கின்றன. ஏரியைப் பார்த்துக்கொள்ள என்றே ஆள் தேர்ந்தெடுத்தார்கள். பாசிப்பாட்டம் என்று ஒரு வரி உண்டு, குளத்து மீனுக்கு. அந்த மீன் வருமானத்தை ஏரியில் மண் எடுக்கவே செலவழித்த ஊர்களும் உண்டு. மீன் காசு மண்ணுக்குப் போனது. மண் போனதால் தண்ணீர் நின்றது. தண்ணீர் நின்றதால் மீன் வந்தது. ஆயிரம் வருசத்துக்கு முந்தைய ஆள் போட்ட வட்டம் இது.

இதை எல்லாம் படித்துவிட்டு, அந்தக் காலம் பொற்காலம் என்று யாராவது பின்னூட்டம் போடப் போகிறீர்கள். போட வேண்டாம். மடைக்குள் மூழ்கி அடைப்பு எடுத்தவனுக்கு அந்த மடைத் தண்ணீர் பாய்கிற நிலம் அனேகமாக இருந்ததில்லை. கரை வெட்ட வா என்று கூப்பிட்டால் வரத்தான் வேண்டும். வரமாட்டேன் என்று சொல்ல முடியாத சாதிகள்தான் மண்ணைச் சுமந்தன. குடிமராமத்து என்று அழகாகச் சொல்கிறோம். 1858ல் வெள்ளைக்காரன் அதற்குச் சட்டம் போட்டபோது வைத்த பெயர் கட்டாய உழைப்புச் சட்டம். அவன் வாயில் உண்மையான பெயர் வந்துவிட்டது. எங்கள் ஊரில் இன்றைக்கும் மடை திறக்கிற குடும்பத்துக்குக் கண்மாய்க்குக் கீழே ஒரு செண்டு நிலம் கிடையாது. பெரியவர் கேட்ட 'பழையபடி'யில் அதையும் சேர்த்தா கேட்டார் என்று நான் கேட்கவில்லை.

கண்மாய்க்கு அப்பால் காடு இருந்தது. சிறுவயலில் இருந்து காளையார்கோயில் வரைக்கும் இருந்த காடு எத்தனை அடர்த்தி என்பதற்கு 1801ஆம் வருசத்துப் போரே சாட்சி. மருது பாண்டியரைப் பிடிக்க வந்த கர்னல் அக்னியூவின் படை அந்தக் காட்டுக்குள் பாதை வெட்ட இறங்கி, ஒரு மாசம் போல வெட்டியும் முடியாமல் திரும்பியது. இன்றைக்கு அந்த வழியில் பஸ்ஸில் போனால் வெள்ளைக்காரன் எதை வெட்ட முடியாமல் திணறினான் என்று யோசிக்க வேண்டியிருக்கும். அந்தக் காடு பக்கத்துக் கண்மாய்களுக்கு நீர்ப்பிடி. இலையும் வேரும் மழையைப் பிடித்து நிறுத்தி, மெதுவாக விட்டிருக்கும். காடு போனதும் மழை மண்ணை அரித்துக்கொண்டு வரும். கண்மாய் மேடாவதற்கு முதல் காரணம் கண்மாய்க்கு வெளியேதான் இருக்கிறது.

1803ல் சிவகங்கையும் ராமநாதபுரமும் நிரந்தர ஜமீன் ஆயின. கும்பினிக்குக் கட்ட வேண்டிய பணம் நிலையாகிவிட்டது. கண்மாய் பார்க்கிற பொறுப்பு ஜமீனுக்கு, ஆனால் கோர்ட்டு வழக்குக்கும் கடனுக்கும் போக மிஞ்சினால்தான் கண்மாய்க்கு. 1883ல் சென்னை அரசாங்கம் ஏரிகளைச் சீர்செய்ய ஒரு திட்டம் ஆரம்பித்தது. அது ரயத்துவாரிப் பக்கத்து ஏரிகளுக்கு. எங்கள் மாதிரி ஜமீன் சீமைக் கண்மாய்கள் அதில் சேரவில்லை. இருந்தாலும் கரம்பை வண்டி நிற்கவில்லை. உரத்துக்கு வேறு வழி இல்லையே.

சுதந்திரம் வந்தது. 1948ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். நல்ல சட்டம், எங்க குடும்பத்துக்குப் பட்டா கிடைத்ததே அதனால்தான். ஆனால் கண்மாய் யாருக்கு என்ற கேள்விக்கு அதற்குப் பிறகு நேரான பதில் கிடையாது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் 2021 வரைக்கும் பொதுப்பணித்துறை, இப்போது நீர்வளத்துறை; குறைந்தால் பஞ்சாயத்து யூனியன். மீன் ஒரு பக்கம் ஏலம். உள்ளே நட்ட மரம் வனத்துறைக்குப் பங்கு. மண் எடுக்க வேண்டும் என்றால் வருவாய்த்துறை, கனிமவளத்துறை. எங்க அய்யா வண்டியைப் பூட்டிக்கொண்டு போய் அள்ளின கரம்பையை, எங்க அப்பா காலத்தில் அனுமதி இல்லாமல் அள்ளினால் மணல் திருட்டு மாதிரி. ஒரு தடவை ஒரு அலுவலகத்துக்கு ஏழு முறை நடந்தார். எட்டாவது முறை போகவில்லை. யூரியா மூட்டை வாங்கிவிட்டார். 2017ல் வண்டல் மண்ணை விவசாயி இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அரசு சொன்னபோது, எடுத்துப் போட வண்டி மாடு ஊரில் ஒரு ஜோடி கூட இல்லை.

யூரியா வந்தால் கரம்பை வேண்டாம். போர் வந்தால் கண்மாயே வேண்டாம். 1960கள் வாக்கில் தமிழ்நாட்டில் ஏரிப் பாசனம் சுமார் 9 லட்சம் ஹெக்டேர். இன்றைக்குப் பாசனத்தில் பாதிக்கு மேல் கிணறும் போரும். எங்க அப்பா போர் போட்டது 1987ல். தோட்டத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்த அன்று ஊரே வந்து பார்த்தது. அன்றையில் இருந்து மடை எப்போது திறக்கிறார்கள் என்று எங்க வீட்டில் யாரும் கேட்டதில்லை. இதை மறைத்துவிட்டு நான் கண்மாயைப் பற்றி எழுதினால் அது பொய். எங்களை மாதிரி பத்து வீடு போர் போட்டதும், கரைக்கு ஆள் வருவது பாதியாகக் குறைந்தது. மேடான கண்மாய் தை மாசமே வற்றியது. பொங்கலுக்கு அப்புறம் கூட்டில் இருந்து விழுந்து கிடக்கும் நாரைக் குஞ்சுகளை நான் முதல்முதலாகப் பார்த்தது அந்த வருசங்களில்தான். தாய்ப்பறவைக்கு இரை தேட ஊர் ஊராகப் பறக்க வேண்டியிருந்தது. அப்போது அது எனக்குப் புரியவில்லை. ஏதோ சீக்கு என்று நினைத்தேன்.

தண்ணீருக்குள் நடந்தது இன்னொரு கதை. 1952ல் மண்டபத்துக்கு ஒரு மீன் வந்தது. ஆப்பிரிக்கா அதற்குப் பூர்வீகம். திலாப்பியா என்பார்கள், நம்ம சனம் வைத்த பெயர் ஜிலேபிக் கெண்டை. ஏழைக்குப் புரதம் என்று நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்தார்கள். அது வருசத்தில் பல தடவை குஞ்சு பொரிக்கும், குஞ்சுகளை வாயில் வைத்துக் காப்பாற்றும், கலங்கின தண்ணீரிலும் வாழும். மண்டபத்தில் இருந்து எங்க கண்மாய்க்கு எப்படி வந்தது, எப்போது வந்தது என்று சொல்ல ஆள் இல்லை. இப்போது ஊத்தாவைத் தூக்கினால் பத்துக்கு ஏழு அதுதான். அயிரை என்பது மதுரை ஓட்டல் விலைப்பட்டியலில் இருக்கிறது, எங்க கண்மாயில் இல்லை.

அதோடு எண்ட்ரின். 1960களின் கடைசியில் ஐ.ஆர். 8 நெல் வந்தபோது கூடவே வந்த மருந்துகளில் ஒன்று. அந்தப் பேரைக் கேட்டால் பழைய ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பூச்சி இல்லை, அதைக் குடித்துச் செத்தவர்கள். மீனுக்கு அது இன்னும் கொடியது. முன்பு வயல் தண்ணீரில் மீன் குஞ்சு ஓடும், நெல் அறுக்கிற ஈரத்தில் தவளை கத்தும். மருந்து அடித்த வயலில் இருந்து வடிந்த தண்ணீர் கீழ்க் கண்மாய்க்குத்தான் போகும். மாலையில் கோத்த மணி என்று மேலே சொன்னேனே, நல்லது போகிற வழியில்தான் கெட்டதும் போகும். தவளைக்கு வேறு கேடும் இருந்தது. தவளைக்காலை வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1987ல்தான் நாடு முழுக்கத் தடை. எண்ட்ரினுக்குத் தடை 1990ல்.

இப்போது மரத்துக்கு வருகிறேன். ஒரு மாசம் அவகாசம் கேட்டதே அதற்காகத்தான்.

சீமைக் கருவேலம் மெக்சிகோ, தென் அமெரிக்கப் பக்கத்து மரம். விறகுப் பஞ்சம் தீர்க்க 1877ல் ஜமைக்காவில் இருந்து விதை வரவழைத்து, அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பக்கம் ஊன்றினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு இங்கே வறண்ட சீமை முழுக்கப் பரப்பினார்கள். நெற்று இனிப்பு. ஆடும் மாடும் தின்னும். விதை செரிக்காது. சாணி விழுந்த இடமெல்லாம் முளைக்கும். கண்மாயை யாரும் உழவில்லை, மண் எடுக்கவில்லை, மாடு மட்டும் மேய்கிறது என்றால் அதற்கு அதைவிடத் தோதான இடம் உலகத்தில் கிடையாது. பராமரிப்பு நின்ற கண்மாய்க்குள் அது ஏறி உட்கார்ந்துவிட்டது. வரத்துக்காலை அடைத்தது. கரையில் வேர் விட்டது. அதன் நிழலில் வேறு செடி எழும்புவது கஷ்டம்.

ஆனால் அதைத் திட்டுகிற வாயால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மழை பொய்த்த வருசங்களில் இந்தச் சீமையில் அடுப்பு எரிந்தது அதனால்தான். மூட்டம் போட்டுக் கரி சுட்டு லாரி ஏற்றினார்கள். எங்க அப்பாவும் ரெண்டு வருசம் கரி மூட்டம் போட்டார். நான் பத்தாவது முடித்தது அந்தக் கரிக் காசில். 2017ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த மரத்தை அகற்றச் சொன்னபோது ஊர் கைதட்டியது. கரி வெட்டுகிற குடும்பங்கள் தட்டவில்லை.

நாட்டுக் கருவேலம் வேறு. நம்ம மண்ணு மரம். மஞ்சள் பூ, மணி கோத்த மாதிரி நெற்று. கண்மாயில் நாலு மாசம் தண்ணீரில் நின்றாலும் சாகாது. 1960களில் இருந்தே கண்மாய்களுக்குள் வரிசையாக நட்டார்கள். 1981ல் சுவீடன் உதவியோடு சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் வந்தபோது இன்னும் அதிகம். நோக்கம் பறவை இல்லை, பத்து வருசத்துக்கு ஒரு தடவை ஏலம் விட்டு விறகாக்குவது. எங்க கண்மாயில் ஒரு சுற்று ஏலம் போனது. அடுத்த சுற்றுக்கு யாரும் வரவில்லை. அப்படி மறந்துபோய் விட்ட மரங்களில்தான் நாரை கூடு வைக்கிறது. அதாவது, நாங்கள் 'இயற்கை' என்று காப்பாற்ற நினைக்கிற தோப்பு ஒரு பழைய விறகுத் திட்டத்தின் மிச்சம்.

பக்கத்து ஊர்க் கண்மாயில் ரெண்டு வருசத்துக்கு முன்பு வேலை நடந்தது. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு முள் இல்லை, கரை நெட்டுக்குத்தாக நிற்கிறது. அள்ளுகிறவருக்குக் கன மீட்டருக்குக் கூலி. கிட்டே இருக்கிற இடத்தில் ஆழமாக அள்ளினால் டீசல் மிச்சம். அதனால் கரையோரம் கிணறு மாதிரி ஒரு பள்ளம், மேலே பழைய மேடு அப்படியே. தண்ணீர் நிற்கிறது, அதை மறுக்க முடியாது, சித்திரை வரைக்கும் நிற்கிறது. ஆனால் மடை மட்டத்துக்குக் கீழே நிற்கிறது. வயலுக்கு ஏறாது. ஓரம் சரிவு இல்லாததால் இறங்கி நடக்க நாரைக்கு இடம் இல்லை. நத்தை உறங்கின சேறும் லாரியில் போய்விட்டது. நீர்க்காகம் நாலு முங்கி எழுந்துகொண்டிருந்தது. கார்த்திகையில் நாரை வந்து, ஒரு வாரம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டதாக அந்த ஊர் மாமா ஒருத்தர் சொன்னார். "மரம் கெடையாதுல்ல மாப்ள, எங்கன ஒக்காரும்?"

திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடியும் கொள்ளுக்குடிப்பட்டியும் எங்களுக்குத் தூரம் இல்லை. 1977ல் சரணாலயம் ஆன கண்மாய்கள். பறவை பயந்து கூட்டை விட்டுப் போய்விடும் என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர்கள். வருசா வருசம் செய்தித்தாளில் வரும், நீங்களும் படித்திருப்பீர்கள். எங்க ஊர் சரணாலயம் இல்லை. எங்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் கிடையாது. நாங்கள் வெடியும் போடுகிறோம். அப்படியும் நாற்பதுக்கு மேல் கூடு இருக்கிறது. தமிழ்நாட்டுக் கண்மாய்களில் பெரும்பாலானவை எங்களை மாதிரி, பட்டியலுக்கு வெளியே இருப்பவைதான்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூட்டம். இத்தனை வரலாறும் பேசவில்லை. பேசினால் எழுந்து போயிருப்பார்கள். மூணு விசயம் மட்டும் சொன்னேன். வரத்துக்காலிலும் கரையிலும் இருக்கிற சீமைக் கருவேலத்தை முதலில் எடுக்கட்டும். மண்ணை ஒரே இடத்தில் தோண்டாமல், சரிவு கெடாமல், மேட்டில் இருந்து பரவலாக அள்ளட்டும். அந்தக் கரம்பை வயலுக்குப் போகட்டும், டிராக்டர் வாடகையைப் போர் வைத்திருக்கிற வீடுகள் பங்கு போட்டுக் கொடுக்கட்டும், எங்க வீட்டில் இருந்து ஆரம்பிக்கட்டும். நடுத் தோப்பை விட்டுவிடட்டும்.

முதலாவதுக்கு யாரும் மறுப்பு சொல்லவில்லை. ரெண்டாவதுக்கு வேலை எடுத்தவரின் ஆள், "மேட்டுல அள்ளுனா எங்களுக்குக் கட்டாதுண்ணே" என்று நேராகச் சொல்லிவிட்டார். அதற்கு இன்னும் முடிவு இல்லை. அளவு எடுக்க வருகிற அதிகாரியிடம் ஊரோடு போய் நிற்கப் போகிறோம். டிராக்டர் வாடகைக்குப் பத்தில் ஆறு வீடு சரி என்றது. மடை திறக்கிற வீட்டுக்காரர், "கரம்பைய எனக்கும் ரெண்டு டிராக்டர் குடுப்பீங்களா, வாரத்துக்கு உழுற நெலத்துல போட்டுக்கிறேன்" என்று கேட்டார். கொடுப்பதாகப் பேச்சு.

மூணாவதுக்குத்தான் வாக்குவாதம். கடைசியில், நாட்டுக் கருவேலத்துக்குச் சுண்ணாம்புப் பட்டை அடித்துவிடுவது, பட்டை அடித்த மரத்தைத் தொடக்கூடாது என்று ஆனது. வியாழக்கிழமை சாயங்காலம் நானும் சித்தப்பு மகளும் நாலு பையன்களும் வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். பங்குனி வெயிலில் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கூடுகள் காலி. அடியில் வெள்ளை எச்சமும், உடைந்த நத்தை ஓடும்.

நூத்திப் பத்து மரத்துக்குப் பட்டை அடித்தோம். தோப்பின் கிழக்கு ஓரத்தில் ஒரு பெரிய மரம். அதில் மட்டும் ஏழு கூடு. கிட்டே போய்ப் பார்த்தால் சீமை. பையன்கள் என்னைப் பார்த்தார்கள். நான் பிள்ளையைப் பார்த்தேன். கரையில் மாடு பத்திக்கொண்டு போன அந்தப் பெரியவர், கண்மாயைப் பழையபடி ஆக்கச் சொன்ன அதே ஆள், அங்கிருந்தே கத்தினார்:

"என்னடா பாத்துக்கிட்டு நிக்கிறிய? அதுக்கும் ஒரு பட்டையப் போட்டு விடுங்க. இந்த வருசம் நிக்கட்டும்."

போட்டுவிட்டோம்.